மேட்டுக்கு அந்தப் பக்கம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போனேன். இரவு பெய்த மழை அங்கே தேங்கியிருக்கும் என்று தெரியும். மூலையில் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை வேப்பஞ்சருகும் புழுதியும் சேர்ந்து அடைத்திருந்தன. குனிந்து கையை விட்டு அள்ளினேன். ஒரு பிடி சேறு வந்தது. தண்ணீர் சத்தத்தோடு இறங்கத் தொடங்கியது. கையை உதறப் போனவள், ஏனோ முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன்.

முதல் மழைக்கு எழும்பும் மண்வாசனை இல்லை அது. கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் புளிப்பு, ஊறிய களிமண். இதற்கு நீ ஒரு பெயர் வைத்திருந்தாய். ‘சிலேட்டுத் துடைச்ச துணி’ என்பாய். மழைக்கு மறுநாள் காரை கிராமத்து மேடுகளில் நாம் நடந்தபோதெல்லாம் இந்த வாசனைதான் கூடவே வரும். அந்த மேட்டுப் புழுதிதான் இவ்வளவு தூரம் காற்றில் வந்து என் மாடியில் படிந்திருக்கிறது என்று நான் சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். “நீ பாத்தியா? பாக்காததச் சொல்லாத” என்பாய்.

கீழேயிருந்து என் கணவர் கேட்டார், “தண்ணி போயிருச்சா?”

“போயிருச்சுங்க.”

அதோடு பேச்சு முடிந்தது. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சண்டை ஒன்றும் இல்லை. கேஸ் வந்ததா, கதவைப் பூட்டினாயா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுக்கொள்வோம், பதில் சொல்லிக்கொள்வோம். அப்படியே பொழுது போய்விடும். நான் சேற்றுக் கையோடு மாடியிலேயே நின்றுகொண்டிருந்தேன். இங்கே உன்னோடு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நீயோ ஒருமுறைகூட இந்த மாடிக்கு ஏறியவள் இல்லை.

திருச்சியில் ஒரே வகுப்பில் கணக்குப் படித்து, ஒரே விடுதி அறையில் துணி காயப்போட்ட நாம், கல்யாணத்துக்குப் பிறகு யார் வீட்டு விசேஷத்திலாவது பார்த்துக்கொண்டால் உண்டு. நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ அரியலூரில் கணக்கு டீச்சர் ஆனாய். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது. ஆனால் ஒரு காரணம் கையில் இல்லாமல் நம்மைப் போன்ற பெண்கள் அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட முடிவதில்லை. அந்தக் காரணத்தை நீதான் கண்டுபிடித்தாய்.

உன் பள்ளிப் பிள்ளைகளை வேனில் காரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அறிவியல் டீச்சர் லீவு என்று உன்னைத் துணைக்கு ஏற்றிவிட்டார்கள். மறுநாள் காலையில் எனக்கு போன் செய்தாய்.

“ஏய், நம்ம ஊருல கடல் இருந்துச்சுடி.”

“எந்த ஊருல?”

“காரையில. கொளக்காநத்தத்துக்குப் பக்கத்துல. நத்தை கல்லாகிக் கிடக்குது. சிப்பி கிடக்குது. நான் கையில வெச்சுப் பாத்தேன்.”

“உனக்குத்தான் கடலே ஆகாதே. கன்னியாகுமரி டூர்ல படகுல வாந்தி எடுத்தவ நீ.”

“இதுல அலை இல்லடி. வர்ற ஞாயித்துக்கெழமை வா.”

வந்தேன். நீ அரியலூர் பஸ்ஸிலும் நான் பெரம்பலூர் பஸ்ஸிலும் வந்து கொளக்காநத்தத்தில் இறங்கினோம். ஒரு டீ குடித்துவிட்டு நடந்தோம். வயல்கள் முடிந்ததும் திடீரென்று அந்த நிலம் ஆரம்பித்தது. மழை அரித்து அரித்து முதுகெலும்பு தெரிய நிற்கும் மண்மேடுகள். மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். இடையிடையே ஜிப்சம் கண்ணாடிச் சில்லு போல வெயிலில் மினுங்கியது. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முதலில் எனக்கு வெறும் கல்லும் மண்ணுமாகத்தான் தெரிந்தது. நீ என்னைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாய். “நிக்காத, குனி. இன்னும் குனி. இப்பப் பாரு” என்றாய். என் செருப்புக்குப் பக்கத்திலேயே விரல் பருமனில் ஒரு கூம்புக் கல் கிடந்தது. ஏதோ ஒரு கடல் பிராணியின் உடம்புக்குள் இருந்ததாம் அது. அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் அதுவே கிடந்தது.

அந்த முதல் நாளே நமக்கு அங்கே ஒரு பெயரும் கிடைத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்த நம்மை, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து அவரும் குனிந்து தேடத் தொடங்கினார்.

“எந்தப் பக்கம்மா விழுந்துச்சு?”

“எதுங்கம்மா?” என்றாய் நீ.

“தோடுதான். ஒத்தத் தோடா, ஜிமிக்கியோடவா?”

நீ நிமிர்ந்து நின்று, வகுப்பில் விளக்குவது போலப் பொறுமையாகச் சொன்னாய். “தோடு ஒண்ணும் தொலையலிங்கம்மா. இங்க ரொம்பக் காலத்துக்கு முன்னாடி கடல் இருந்துச்சாம். அந்த நத்தையெல்லாம் கல்லாகிக் கெடக்குது. அதப் பாக்க வந்தோம்.”

அந்த அம்மா உன் காதைப் பார்த்தார். பிறகு என் காதைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒரு காது புண்ணாகியிருந்தது. தோட்டைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சி செருகியிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“வூட்டுக்காரருக்குத் தெரியாதா? கவலப்படாத தாயி. நான் யாருகிட்டயும் மூச்சுவிட மாட்டேன்.”

அடுத்த முறை போனபோது டீக்கடைக்காரர், “கெடச்சுதா டீச்சர்?” என்றார். அதற்கடுத்த முறை கண்டக்டரே கேட்டார். நீ ஒவ்வொருவரிடமும் கடலைப் பற்றி எடுத்துச் சொன்னாய். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். சும்மா கல்லைப் பார்க்க யாராவது இரண்டு பஸ் பிடித்து வருவார்களா என்ற எண்ணம் அவர்கள் முகத்தில் அப்படியே இருந்தது. ஒருநாள் நாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே டீக்கடைக்காரர் புதிதாக வந்த ஒருவரிடம் மெதுவாகச் சொன்னார். “பாவம்ணே, வருசக்கணக்காத் தேடுறாங்க. அம்மா வூட்டு சீதனமா இருக்கும்போல.” நீ சிரித்த சிரிப்பில் டீ முழுவதும் புடவையில் கொட்டியது. அன்றிலிருந்து விளக்கம் சொல்வதை விட்டுவிட்டாய். கேட்டவர்களிடம், “இன்னும் கெடைக்கலிங்க” என்று மட்டும் சொல்வாய். பொய் சொல்லத் தெரியாத நீ வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதையும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொல்வாய்.

எதையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது என்பது உன் சட்டம். பார்க்கலாம், கையில் வைத்துத் திருப்பலாம், படம் எடுக்கலாம். பிறகு இருந்த இடத்திலேயே, சுருள் தெரியும் பக்கம் மண்ணைப் பார்க்கும்படி குப்புற வைத்துவிட்டு வர வேண்டும். ஆட்டுக் குளம்பும் மழையும் முதுகில்தான் படும், முகம் தேயாது என்பாய். அடுத்த முறை போய் அதே கல்லைத் தேடித் திருப்பிப் பார்ப்பதில் உனக்கு அப்படியொரு சந்தோஷம். “இருக்கா பாரு. எங்கயும் போகல” என்பாய்.

என் கணவருக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. “கல்லப் பாக்க எதுக்கு பஸ்ஸு? பக்கத்து வூட்டு வாசல்ல லோடு ஜல்லி கொட்டியிருக்கு, போயி ஆசைதீரப் பாரு” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கே அதை யாருக்கும் விளக்கத் தெரியாது. அங்கே குனிந்திருக்கும்போது எனக்கு என் வயது ஞாபகம் வராது. சமையலுக்கு என்ன என்ற யோசனை வராது. எதிரில் நீ குனிந்திருப்பாய், உன் நிழல் என் கல்லின் மேல் விழும், “தள்ளுடி” என்பேன். அவ்வளவுதான்.

நாம் நடக்கும் பகுதிக்குக் கிழக்கே நீளமாக ஒரு மேடு கிடக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். அதை நெருங்குவதற்குள் வெயில் ஏறிவிடும், மத்தியான பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஒரே ஒரு மார்கழி ஞாயிறு, முதல் பஸ்ஸில் வந்து நேராக அதன் உச்சிக்கு ஏறினோம். ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கம் முழுக்கப் பனிமூட்டம். வெள்ளைத் துணியை விரித்துப் போட்டதுபோல் இருந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. குளம் என்றேன். நீ அதே இடத்தைப் பார்த்துவிட்டு, கறுப்பாகத் தெரிகிறது, கருவேலங்காடு என்றாய். பனி விலகும்வரை நிற்க நேரமில்லை. இன்னொரு நாள் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினோம்.

அந்த இன்னொரு நாளுக்கு முன்னால் ஊரடங்கு வந்துவிட்டது.

மாவட்ட எல்லையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். பஸ் இல்லை. பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்த காலம் நமக்குத் தெரியும். இப்போது உன் ஊருக்கு வர எனக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். கல்லைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் எந்த ஆபீசில் கொடுப்பார்கள்? முதல் இரண்டு ஞாயிறுகளும் வீட்டுக்குள் அறை அறையாக நடந்தேன். அலமாரிகளைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். நம் வீட்டு வேலைகள் எல்லாம் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகக் கூடியவை என்று அதுவரை எனக்குத் தெரியாது. மூன்றாவது ஞாயிறு காலை உன் போன் வந்தது.

“பஸ் வந்துருச்சா?”

“எந்த பஸ்ஸு? ரோட்ல நாய்கூட இல்ல.”

“கொளக்காநத்தம் பஸ்ஸுடி. ஏறிட்டியா, இல்லியா?”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தேன். “ஏறிட்டேன்” என்றேன்.

“ஜன்னல் சீட்டா?”

“ஆமா.”

“என்ன தெரியுது?”

எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, “பாதி வழி வந்துட்டேன். சோளக்கொல்லை தெரியுது” என்றேன்.

“பொய் சொல்லாத. இப்பத்தான ஏறுன? இன்னும் நாலு ரோடே தாண்டியிருக்க மாட்ட.”

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். நீ உன் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்துக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே நடந்தாய். எடுத்த எடுப்பில் மேட்டுக்கு ஓட விடமாட்டாய். முதலில் டீ குடிக்க வேண்டும். டீக்கடைக்காரர் குரலில் “கெடச்சுதா டீச்சர்?” என்று நீயே கேட்பாய், உன் குரலில் நீயே பதில் சொல்வாய். உன் வீட்டில் குக்கர் கூவினால், “சிமெண்டு லாரி, ஓரமா வா” என்பாய். வழியில் இருக்கும் வேப்பமரம் சின்னப் பாலத்துக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு ஞாயிறு முழுவதும் சண்டை போட்டோம்.

“பாலத்துக்குப் பின்னாடிதான்” என்றேன் நான்.

“முன்னாடி. அன்னைக்கு அங்கதான உன் செருப்பு அறுந்து உக்காந்த? அப்ப பாலம் எங்க இருந்துச்சு? கண்ண மூடிப் பாரு.”

கண்ணை மூடிப் பார்த்தேன். பாலம் எனக்கு முன்னால்தான் இருந்தது. தோற்றுவிட்டேன் என்று சொல்லவில்லை. “வெயில் ஏறுது, நட” என்றேன். இவ்வளவு தூரம் அந்த வழி நமக்குள் பதிந்திருந்தது என்பது அதில் நடக்க முடியாமல் போனபிறகுதான் தெரிந்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பேசி முடித்து போனை வைத்த பிறகு கீழே வந்து பழக்கதோஷத்தில் குழாயடியில் காலைக் கழுவுவேன். கழுவ அதில் ஒரு துளி மண் இருக்காது. சுத்தமான காலில் தண்ணீர் வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்போது வரும் தனிமையை உன்னிடம் நான் சொன்னதில்லை. உனக்கும் அது இருந்திருக்கும்.

நடுவில் கொஞ்ச காலம் எல்லாம் திறந்தன. பஸ்கூட ஓடியது. ஆனால் உன் மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார். நெஞ்சுச் சளி வேறு. “பஸ்ல வந்து எதையாச்சும் தூக்கிட்டுப் போயி அவருக்குக் குடுத்துடக் கூடாதுடி. இன்னும் கொஞ்ச நாளு போகட்டும்” என்றாய். சரி என்றேன். நாம் போனிலேயே நடந்தோம்.

மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் முழுதாக அடைத்தபோது நீ சிரித்தாய். “நமக்குன்னே பாத்து சட்டம் போடுறாங்க.” அந்த ஞாயிறுகளில் ஒன்றில்தான் நாம் கிழக்கு மேட்டில் ஏறினோம். போனில் நடப்பதால் வெயில் இல்லை, மத்தியான பஸ்ஸைப் பிடிக்கும் அவசரமும் இல்லை. உச்சிக்கு வந்ததும் நான், “இப்ப எறங்குவோம். கொளத்துல தண்ணி நிறைய இருக்கு. கரையில ஒரு கல்லு இருக்கு, உக்காரலாம்” என்றேன்.

நீ நின்றுவிட்டாய். நடக்கும் சத்தம் நின்றதை வைத்து எனக்குத் தெரிந்தது.

“அங்க நாம போனதில்ல” என்றாய்.

“போன்லதான போறோம்.”

“இதுவரைக்கும் வந்ததெல்லாம் பாத்த எடம். இதுக்கு மேல போனா நீ ஒரு கொளத்த வெட்டிருவ, நான் ஒரு காட்ட வளத்துருவேன். அப்புறம் நெஜமா போறப்ப அது நமக்குப் புடிக்காமப் போயிரும். வேண்டாம். இங்கயே நிப்போம். இது முடிஞ்சதும் கால்ல எறங்கிப் பாத்துட்டுப் பேசிக்குவோம்.”

அடுத்த ஞாயிறு உனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி. அங்கிருந்து திருச்சிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் உன் வீட்டுக்காரர் போனை உன் காதில் வைத்தார். உன் குரலுக்கு முன்னால் ஏதோ ஒரு இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

“எங்க நிக்குற?” என்றாய்.

என்ன கேட்கிறாய் என்று எனக்கு உடனே தெரிந்தது. “மேட்டு மேலதான்.”

“எறங்கிடலியே?”

“இல்ல.”

“நான் வர்ற வரைக்கும் எறங்காத.”

“சரி.”

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “தலையில துண்டப் போட்டுக்க. வெயிலு” என்றாய்.

அவ்வளவுதான் நாம் பேசியது. உன் வீட்டாருக்கே கடைசியாக உன் முகத்தைத் தூரத்தில் நிற்கவைத்துத்தான் காட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் இந்த மாடியில்தான் இருந்தேன். பக்கத்து மாடிகளில் யார் யாரோ உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

பிறகு உலகம் வெளியே வந்தது. முகக்கவசங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் கூட்டம் ஏறியது. கொளக்காநத்தம் பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். என் கணவர் ஒருமுறை, அவராகவே, “வேணும்னா வண்டியில நான் கூட்டிட்டுப் போறேன். ஓரமா நிக்குறேன், நீ பாட்டுக்குப் பாரு” என்றார். ஜல்லியைப் பற்றிப் பேசிய மனுஷன். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமான பேச்சு என்று எனக்குத் தெரியும். “வேண்டாங்க, வெயிலு” என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

வெயிலுக்காக இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ வரும்வரை இறங்க மாட்டேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். நான் இறங்காமல் நிற்கும்வரை நீ இன்னும் வந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. கணக்கு டீச்சர் கேட்டால் அடித்துவிடுவாள், ஆனால் இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்துக் குளமும் என் மனசில் பெரிதாகிவிட்டது. அல்லி பூத்தது. கரையில் மரம் வந்தது. கொக்கு வந்தது. எதுவும் நிஜமில்லை என்று தெரிந்தேதான் வைத்திருந்தேன். போய்ப் பார்த்து அங்கே வெறும் மண்தான் என்றால், அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதற்குப் பயந்தே போகாமல் இருந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அரியலூர் வந்தேன். உன் வீட்டுக்குப் போகாமல் திரும்ப மனம் வரவில்லை. உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். வேலைக்கு இருக்கும் பெண் கதவைத் திறந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். உன் மாமனார், கொல்லையைப் பார்த்த ஜன்னலோரக் கட்டிலில், தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். முன்பு நான் வந்த ஒன்றிரண்டு தடவையும் அவர் என்னிடம் பேசியதே இல்லை. வாசலில் அந்தப் பெண்ணிடம் நான் ஏதோ கேட்டிருந்த குரலை வைத்தே அவர் திரும்பிப் பார்த்தார்.

“பெரம்பலூர் புள்ளையா?”

“ஆமாங்கப்பா. எப்படித் தெரிஞ்சுச்சு?”

“தெரியாம என்ன? அவ போன ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான நடப்பா. கை வலிக்குதும்பா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கேட்ட கொரலுதான.”

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நாம் பேசிய கேலியும் கிண்டலும், அவர் பிள்ளையைப் பற்றி நீ அடித்த நக்கலும் எல்லாம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்கிறது.

“உனக்கு வழி சரியாத் தெரியாது” என்றார் அவர். “வேப்பமரம் பாலத்துக்கு முன்னாடி.”

“அப்பா அங்க போயிருக்கீங்களா?”

“நான் எங்க போனேன்? அந்தப் பக்கமே கால் வெச்சதில்ல. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “படுத்துக் கெடக்குறவனுக்கு ஏது ஊரடங்கு? எனக்கு எப்பவும் அதுதான். நீங்க ரெண்டு பேரும் பஸ் ஏறுனா நானும் ஏறிக்குவேன். டீ குடிப்பேன். மேட்டுக்கு வருவேன். அவளுக்குத் தெரியாது, தூங்குறேன்னு நெனச்சுக்குவா.”

அவரே கேட்டார்.

“உன்னப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கு? நீ சொன்ன கொளமா, அவ சொன்ன கருவேலமா?”

“தெரியலிங்கப்பா. அதுக்கப்புறம் நான் போகவே இல்ல.”

“ஏன்?”

“வர்ற வரைக்கும் எறங்காதன்னு சொல்லிட்டுப் போனா.”

அவர் கொல்லைப் பக்கம் பார்த்தார். முருங்கை மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். துவைக்கும் கல் மட்டும் இருந்தது.

“எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனா, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பயில. ‘வந்துடறேன் மாமா. மருந்த மட்டும் மறக்காம சாப்புடுங்க’ன்னா. நானும் சாப்புட்டுக்கிட்டே இருக்கேன்” என்றார். குரலில் அழுகை ஒன்றும் இல்லை. காலையில் இட்லி சாப்பிட்டேன் என்பதுபோல்தான் சொன்னார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, “போனீன்னா வந்து சொல்லு. போன்ல வேண்டாம். இப்ப காது மந்தமாயிருச்சு, நேருல சொன்னாத்தான் வெளங்கும்” என்றார்.

வீட்டுக்கு வந்தபிறகும் அவர் சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நடை நம் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். மேட்டின்மேல் நான் ஒருத்திதான் நிற்கிறேன் என்றும் நினைத்திருந்தேன். என் பின்னால் ஒரு மனிதர் கட்டிலோடு நின்றுகொண்டிருக்கிறார். நான் இறங்கினால்தான் அவர் இறங்க முடியும். அவருக்கு அதிக காலம் இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது.

உன்னிடமிருந்து எனக்குத் தங்கியது எது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. நூலகத்தில் யாராவது வந்து, “மேடம், இந்தப் புத்தகம் இருக்கா?” என்று கேட்டால், முன்பெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. எழுந்து அலமாரிவரை போய், கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு இதில் சிரிப்பு. “கம்ப்யூட்டர்லயே தெரியும் மேடம்” என்கிறாள். தெரியும்தான். ஆனாலும் போய்ப் பார்க்கிறேன். அப்படி ஒருத்தியாக என்னை நீ மாற்றியிருக்கும்போது, பார்க்காத குளத்தைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வேன்?

நாளை மறுநாள் ஞாயிறு. முதல் பஸ்ஸில் கொளக்காநத்தம் போகப் போகிறேன். நேராகக் கிழக்கு மேட்டுக்கு நடந்து உச்சியில் கொஞ்ச நேரம் நிற்பேன். நீ சொன்னதை மீறப் போகிறேன் என்பதால், அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் எனக்கு வேண்டும். பிறகு இறங்குவேன். குளம் இருக்கலாம், கருவேலம் இருக்கலாம், நாம் இருவருமே நினைக்காத ஏதாவது இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நின்று பார்த்துவிட்டு, மத்தியானம் ரோட்டுக்கு வந்து, பெரம்பலூர் பஸ் நிற்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போய், நீ ஏறும் பஸ்ஸில் ஏறுவேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உன் மாமனாருக்கும் நான் வருவது தெரியாது.